வைல் ஈ. கயோட்டி ஏன் தோற்றுக்கொண்டே இருக்கிறது?

ரோட் ரன்னர் கார்ட்டூன்களில், ரோட் ரன்னர் என்ற வேகமாக ஓடும் பறவையைப் பிடிக்கத் துரத்திக்கொண்டே இருக்கும் வைல் ஈ. கயோட்டி எப்படிப் பிறந்தது, அதன் குணம் என்ன என்பதே கேள்வி.

கயோட்டி என்பது வட அமெரிக்காவில் வாழும், நரியைப் போன்ற காட்டு விலங்கு. அது ஓயாப் பசியோடு அலையும் மெலிந்த பிராணி என்று அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் எழுதியதைச் சிறுவயதில் படித்திருந்த இயக்குநர் சக் ஜோன்ஸ், கதாசிரியர் மைக்கேல் மால்டீஸுடன் சேர்ந்து, 1949இல் வார்னர் பிரதர்ஸ் பட நிறுவனத்துக்காக இப்பாத்திரத்தைப் படைத்தார்.

அதன் தோல்விக்குக் காரணம் மூளைக் குறைவு அன்று, விடாப்பிடி. அடுப்படி எலிக்குப் பொறிமேல் பொறி வைத்துத் தன் விரலையே நசுக்கிக்கொள்பவரைப் போல, இரையைவிடத் திட்டமே அதற்குப் பெரிதாகிவிடுகிறது. மலை விளிம்பைத் தாண்டி ஓடி, அந்தரத்தில் நின்று, கீழே பார்த்த பிறகே அது விழுகிறது. விழுமுன் நம்மைப் பார்க்கும் அந்தப் பரிதாப விழிகளுக்காகவே அதை வெறுக்க முடிவதில்லை.

பறவைதான் அதை அடித்து வீழ்த்துகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் பறவை பெரும்பாலும் "பீப் பீப்" என்று ஒலியெழுப்பிவிட்டு ஓடுகிறது, கயோட்டியை வீழ்த்துபவை அதன் சொந்தக் கருவிகளே.