சுசுகி சாமுராயில் 31 அங்குல டயர்: எந்தப் பல்சக்கரத்தை மாற்றுவது?

சாமுராய் என்ற சிறிய நாற்சக்கர இயக்க ஜீப்பில் பெரிய டயர் போட்டபின் பாறையில் இன்ஜின் திணறுகிறது, டிஃபரன்ஷியலின் (அச்சின் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பகுதி) பல்சக்கரத்தை மாற்றுவதா, டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் பெட்டி) பல்சக்கரத்தையா என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் டிரான்ஸ்ஃபர் கேஸில் கை வையுங்கள்.

டிஃபரன்ஷியலை மாற்றினால் முன், பின் இரண்டு அச்சுகளையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸில் அந்தத் தொல்லை இல்லை. சாமுராயில் அது கியர்பாக்ஸோடு ஒட்டாமல் ஒரு குட்டைத் தண்டால் இணைந்து தனியே தொங்குவதால், கழற்றுவதும் எளிது.

டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆலை விகிதம் லோவில் (கடினமான பாதைக்கான மெதுவான நிலை) 2.268, ஹையில் (சாலைக்கான நிலை) 1.409; எண் கூடினால் வேகம் குறைந்து இழுவை கூடும். பரவலாகக் கிடைக்கும் 4.16 பல்சக்கரத் தொகுதியில் லோ 4.16, ஹை சுமார் 1.58 ஆகிறது. பெரிய டயரால் சாலையில் இழந்த இழுவையில் பெரும்பகுதி அதிலேயே திரும்பிவிடும்.

உண்மையான பலன் லோவில்தான். முதல் கியர் 3.652, டிஃபரன்ஷியல் 3.727 என்றால், மொத்த விகிதம் 31இலிருந்து ஏறக்குறைய 57 ஆக உயர்கிறது. இன்ஜின் 1,000 சுற்றில் ஓடும்போது, உங்கள் டயரில் மணிக்கு 4.8 கிலோமீட்டராக இருந்த வேகம் 2.6 ஆகக் குறையும். கிளட்சை அரைத் தேய்ப்பில் பிடித்து நிற்க வேண்டிய இடத்தில், காலை எடுத்துவிட்டுப் பாறைமேல் சக்கரத்தை நிதானமாக ஏற்றலாம். இறக்கத்திலும் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

கூடிய முறுக்குவிசை டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் தாங்கிகளைக் கிழிக்கும். அவற்றை வலுப்படுத்தாமல் வேலையை முடிக்காதீர்கள். பிறகு முன்னச்சின் மூட்டுகள்: ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பியபடி ஆக்சிலரேட்டரை மிதித்தால் உடைவது அங்கேதான். டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்த கையோடு அதன் பேரிங், ஆயில் சீல்களையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.