தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா? பள்ளி மேலாண்மைக் குழு: கேள்வி பதில்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர்களும், அப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவின் மாதாந்தர வேலைகள் குறித்து அனுப்பிய கேள்விகள் இவை. தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவர் விடையளிக்கிறார்.

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். என்னைக் குழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்துக்குப் போகிறேன், தலைமையாசிரியர் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். உண்மையில் என் வேலை என்ன ஐயா?

பதில்: அம்மா, இனி எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். படிக்கச் சிரமமாக இருந்தால் முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இக்குழுவுக்கு முதன்மையாக மூன்று பொறுப்புகளைத் தருகிறது: பள்ளி எவ்வாறு நடைபெறுகிறது என்பதைக் கண்காணிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, அரசிடமிருந்தோ உள்ளாட்சியிடமிருந்தோ வேறு எவரிடமிருந்தோ பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்றும், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. பெற்றோரின் பார்வை இல்லாமல் ஒரு பள்ளியை நிர்வகிக்கக் கூடாது என்று சட்டம் எண்ணியதால்தான் நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்கள். எனவே வாயிற்கதவு பகலில் திறந்து கிடக்கிறதா, குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், மகளின் வகுப்புக்கு ஆசிரியர் நாள்தோறும் வருகிறாரா என்று உங்கள் கண்ணில் படுவதைக் கூட்டத்தில் சொல்வதே உங்கள் முதல் வேலை.

கேள்வி: பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்கெனவே இருக்கிறதே, இன்னொரு குழு எதற்கு?

பதில்: இரண்டும் வேறு வேறு. பெற்றோர் ஆசிரியர் கழகம் என்பது பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் சங்கம். மேலாண்மைக் குழு சட்டத்தால் உருவானது. அதன் பொறுப்புகளும் உறுப்பினர் விகிதமும் சட்டத்தில் எழுதப்பட்டவை. இரண்டும் ஒத்துழைத்தால் பள்ளிக்கு நல்லது, ஆனால் ஒன்றின் தீர்மானத்தை மற்றொன்றின் புத்தகத்தில் எழுதக் கூடாது. கணக்குகளையும் கலக்கக் கூடாது.

கேள்வி: கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் தீர்மானம் போட்டோம். எதுவும் நடக்கவில்லை. தீர்மானத்தால் என்னதான் பயன்? (ஒரு குழுத் தலைவர்)

பதில்: தீர்மானம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே பயன் அமையும். “கழிப்பறையைச் சீரமைக்க முடிவு செய்யப்பட்டது” என்ற வரியை எந்த அலுவலரும் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், ஏனெனில் யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை. மாறாக இப்படி எழுதிப் பாருங்கள்: “மாணவியர் கழிப்பறையில் 3 கதவுகளுள் 2 உடைந்துள்ளன, ஒரு குழாயில் தண்ணீர் வரவில்லை. இதனால் மாணவியர் சிலர் இடைவேளையில் வீட்டுக்குச் செல்கின்றனர். கதவுகளைப் பள்ளி மானியத்திலிருந்து இம்மாத இறுதிக்குள் தலைமையாசிரியர் மாற்ற வேண்டும். குழாய் இணைப்புக்காக ஊராட்சி மன்றத் தலைவருக்குக் குழுத் தலைவர் ஒரு வாரத்துக்குள் கடிதம் அளிக்க வேண்டும்.” இதில் குறை, அதன் விளைவு, பணம் வரும் வழி, பொறுப்பாளர், கெடு ஆகிய அனைத்தும் உள்ளன.

எழுதுவதோடு வேலை முடிவதில்லை. அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக, சென்ற கூட்டத் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் என்ன நிலையில் உள்ளன என்பதை வாசியுங்கள். கடிதம் கொடுத்திருந்தால் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் உள்ள நகல் தீர்மானப் புத்தகத்தோடு இருக்க வேண்டும். கிராம சபை கூடும் நாளில் ஓர் உறுப்பினர் அத்தீர்மானத்தை எடுத்துச் சென்று அங்கும் பதிவு செய்யச் சொல்லலாம்; ஊர்ப் பள்ளியின் தேவை ஊர்க் கூட்டத்தின் ஏட்டில் ஏறுவது நல்லது. என் அனுபவத்தில், வாயால் பத்து முறை சொன்னதைவிட ஒழுங்காக எழுதி ஒப்புதல் பெற்ற ஒரு தாளே அலுவலகத்தில் நகர்ந்திருக்கிறது. அலுவலர் மாறினாலும் தலைமையாசிரியர் மாறினாலும் அந்தத் தாள் கோப்பில் இருக்கும்.

கேள்வி: பள்ளி வளர்ச்சித் திட்டம் என்று ஒரு படிவத்தை ஆசிரியரே நிரப்பிவிடுகிறார். நாங்கள் அதில் என்ன செய்ய முடியும்?

பதில்: குழுவின் வேலைகளில் நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இதைத்தான். பள்ளிக்கு அளிக்கப்படும் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் இந்த வளர்ச்சித் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 22ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது, அதில் எழுதப்படாத தேவையைப் பிற்பாடு கேட்கும்போது உங்கள் கை தளர்ந்திருக்கும். மத்திய அரசின் மாதிரி விதிகளின்படி இது மூன்று ஆண்டுகளுக்கான திட்டம். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் உட்திட்டம் உண்டு. வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள், கூடுதலாக எத்தனை ஆசிரியர் வேண்டும், என்னென்ன கட்டடமும் கருவிகளும் தேவை, அவற்றுக்கு எவ்வளவு பணம் ஆகும் என்பன அதில் இருக்க வேண்டும்.

இதைத் தயாரிக்க உறுப்பினர்கள் பெரிய படிப்புப் படித்திருக்க வேண்டியதில்லை; சட்டத்தின் அட்டவணையை ஒரு கையில் வைத்துக்கொண்டு பள்ளியைச் சுற்றி நடந்தால் போதும். ஒவ்வோர் ஆசிரியருக்கும் குறைந்தது ஒரு வகுப்பறை, மாணவருக்கும் மாணவியருக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகள் தடையின்றி உள்ளே வரச் சாய்தளம், சமையற்கூடம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் அல்லது வேலி என்று அட்டவணை வரிசைப்படுத்துகிறது. ஆசிரியர் எண்ணிக்கையும் அதிலேயே உள்ளது: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. உங்கள் பள்ளியில் 95 பிள்ளைகளுக்கு 3 ஆசிரியர்தான் இருக்கிறார்கள் என்றால் ஓரிடம் குறைகிறது என்று எழுதுங்கள். ஆசிரியர் நிரப்பிய படிவம் தவறு என்று நான் சொல்லவில்லை. அதைக் குழுவின் முன் வரிவரியாக வாசித்து, விட்டுப்போனதைச் சேர்த்த பிறகே தலைவர் ஒப்பமிட வேண்டும்.

கேள்வி: பள்ளிக்கு எவ்வளவு பணம் வருகிறது என்று கேட்டால் தலைமையாசிரியர் வருத்தப்படுகிறார். கேட்கலாமா?

பதில்: கேட்க வேண்டும், அது குழுவின் கடமை. சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைப்படி ஆண்டுப் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ரூ.10,000, 100 பேர் வரை ரூ.25,000, 250 பேர் வரை ரூ.50,000, 1,000 பேர் வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1,00,000. இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிகளுக்குச் செலவிடப்பட வேண்டும். ஆண்டு முழுவதற்கும் இவ்வளவுதான் என்பதை உறுப்பினர்களும் உணர வேண்டும். சுண்ணக்கட்டி, மின்விளக்கு, சிறு பழுது என்று அது விரைவில் கரைந்துவிடும். ஆகவே குற்றம் சாட்டும் தொனியில் கேட்காமல், ஆண்டின் தொடக்கத்திலேயே எதற்கு எவ்வளவு என்று கூட்டத்தில் பிரித்துத் தீர்மானிக்கலாம் என்று முன்மொழியுங்கள். செலவு நடந்தபின் ரசீதுகளைக் கூட்டத்தில் வையுங்கள். நேர்மையான தலைமையாசிரியருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை. நன்கொடையாகப் பொருளோ பணமோ வந்தால் அதையும் அதே முறையில் பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி: நான் ஆசிரியை. சில உறுப்பினர்கள் பாடம் நடக்கும்போது வகுப்பறைக்குள் வந்து கேள்வி கேட்கிறார்கள். இதற்கு எல்லை இல்லையா?

பதில்: உண்டு. கண்காணிப்பு என்பது குழுவின் கூட்டுப் பொறுப்பு. தனி உறுப்பினர் ஒருவர் எந்த நேரத்திலும் நுழைந்து விசாரிக்கும் அதிகாரம் அதில் இல்லை. பார்வையிடுவதாக இருந்தால் கூட்டத்தில் முடிவு செய்து, தலைமையாசிரியருக்குத் தெரிவித்து, பாடம் தடைபடாத நேரத்தில் இருவராக வருவது முறை. ஆசிரியர் நேரத்துக்கு வருகிறாரா, பாடத்திட்டம் முடிகிறதா என்று குழு கேட்கலாம். பாடத்தை எப்படி நடத்துவது என்பது உங்கள் தொழில். இன்னொன்றையும் உறுப்பினர்களுக்கு நினைவூட்டுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர மற்றக் கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27ஆம் பிரிவு தடுக்கிறது. உங்களுக்கு அத்தகைய சுமை வந்தால் அதை எதிர்த்துத் தீர்மானம் போட வேண்டியதும் இதே குழுதான்.

கேள்வி: சத்துணவைக் குழு பார்வையிடலாமா?

பதில்: கட்டாயம் பார்வையிட வேண்டும். உணவின் தரத்தையும் சமைக்கும் இடத்தின் தூய்மையையும் மேலாண்மைக் குழு கவனிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு மதிய உணவு விதிகளே கூறுகின்றன. பெற்றோர் முறை வைத்துக்கொண்டு வாரம் ஒருவர் போகலாம். அரிசியில் வண்டு, பருப்பின் அளவு, வாரத்தின் 5 நாளும் முட்டை வருகிறதா, பாத்திரம் கழுவத் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டும் பாருங்கள். சமையலர்களிடம் மரியாதையோடு நடந்துகொள்ளுங்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் அவர்கள் படும் பாட்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி: வகுப்பறையின் கூரைக் காரை பெயர்ந்து விழுகிறது. அடுத்த கூட்டம் வரை காத்திருக்கலாமா?

பதில்: ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அந்த அறையை உடனே பூட்டச் சொல்லி, பிள்ளைகளை வேறிடத்தில் உட்காரவைத்துவிட்டு, அவசரக் கூட்டம் கூட்டி, புகைப்படங்களோடு வட்டாரக் கல்வி அலுவலருக்கும், ஒன்றியப் பள்ளியாக இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அன்றே எழுதுங்கள். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகளை இழந்த மாநிலம் இது. பாதுகாப்பு பற்றிய எந்தப் பொருளையும் “அடுத்த கூட்டத்தில் பேசலாம்” என்று ஒத்திவைக்க எந்தக் குழுவுக்கும் மனம் வரக் கூடாது.

கேள்வி: ஒரு மாணவியிடம் பணியாளர் ஒருவர் தவறாக நடந்துகொண்டதாகத் தெரிகிறது. குழுவிலேயே விசாரித்துப் பேசி முடிக்கலாம் என்கிறார்கள்.

பதில்: கூடவே கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, இப்படி ஒன்று தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். சமரசம் பேசும் அதிகாரம் எவருக்கும் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உடனே அழையுங்கள். குழந்தையின் பெயரையோ வகுப்பையோ தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள், வெளியில் பேசாதீர்கள்.

கேள்வி: நான் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவள், கூலி வேலைக்குப் போகிறேன். கூட்டம் பகலில் நடக்கிறது. போனாலும் ஊரில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு வருவதாகவே இருக்கிறது.

பதில்: அம்மா, நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. நலிவுற்ற பிரிவினரின் பிள்ளைகள் பள்ளியில் எந்த அளவுக்கு இருக்கிறார்களோ அந்த அளவுக்கு அவர்களுடைய பெற்றோரும் குழுவில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது, உங்கள் குரல் அங்கே ஒலிக்க வேண்டும் என்பதற்காகத்தான். கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றித்தரும்படி எழுத்தில் கேளுங்கள்; கூலியை இழந்துதான் வர வேண்டும் என்றால் குழுவில் உழைப்பாளிகள் மிஞ்ச மாட்டார்கள். தலைவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுண்டு: ஒவ்வொரு பொருளிலும் எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, இதுவரை பேசாதவரிடமிருந்து கருத்துக் கேட்கத் தொடங்குங்கள். நீங்கள் ஒரு முடிவை ஏற்கவில்லை என்றால், “இவர் உடன்படவில்லை” என்று காரணத்தோடு எழுதச் சொல்லிவிட்டே கையொப்பமிடுங்கள். கூட்டத்தில் எவரையேனும் தனித்து உட்காரவைத்தாலோ இழித்துப் பேசினாலோ அது சட்டப்படி குற்றமாகக்கூடிய செயல். தலைமையாசிரியர் அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கக் கூடாது.

கேள்வி: சிறுபான்மையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளிக்கும் இதே அதிகாரங்களா?

பதில்: இல்லை. அப்பள்ளிகளில் குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்தது; பின்னர், சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டமே பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கேள்வி: எல்லாம் செய்தும் பதில் வரவில்லை என்றால்?

பதில்: வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக எழுதுங்கள், ஒவ்வொரு கடிதத்திலும் முந்தைய கடிதத்தின் தேதியைக் குறிப்பிடுங்கள். கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் மனு மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கேட்டால் 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். பிள்ளைகளின் கல்வி உரிமையே மீறப்படுவதாக இருந்தால் கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் உரிய உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அதன்மீது 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு நிறைவளிக்காவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். மனுவோடு தீர்மானங்களின் நகல்களைத் தேதி வரிசைப்படி இணைத்து, மூலப் புத்தகத்தைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.