மூத்தவர் யார்?

கேள்வி: விமான நிறுவனங்கள் இரண்டு இணையும்போது, பணிமூப்புக்காக விமானிகள் ஆண்டுக்கணக்கில் மோதிக்கொள்கிறார்களே? மூத்தவருக்கு இளையவர் வழிவிட்டால் தீர்ந்துவிடுகிற விஷயம்தானே இது?
(கோவில்பட்டி வாசகர் ஒருவர்)

பதில்: அந்த மூத்தவர் யார் என்பதுதானே ஐயா சண்டையே! இந்தப் பக்கத்தில் நான் ‘பணிமூப்பு’ என்று எழுதும்போதெல்லாம், மூப்பு என்றால் கிழத்தனம், ‘முதுநிலை’ என்றே எழுத வேண்டும் என்று அஞ்சலட்டை போடும் புலவர் ஒருவர் இருக்கிறார். முதுநிலையில் மட்டும் முதுமை இல்லையா என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. இரண்டு மூப்பும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட அமெரிக்கக் கதை ஒன்றை உங்கள் இருவருக்குமாகச் சொல்கிறேன்.

2005-இல் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. முன்னது திவாலில் நொடிந்த பழைய நிறுவனம்; அதன் விமானிகளில் பலர் வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டு, அழைப்பு வருமா என்று வீட்டில் காத்திருந்தார்கள். சேர்ந்த தேதியை வைத்து வரிசைப்படுத்துங்கள் என்றது இந்தக் கிழக்கு அணி. இணைப்பே நடக்காமல் போயிருந்தால் உங்களுக்கு வேலை ஏது என்று திருப்பிக் கேட்டது அமெரிக்கா வெஸ்ட்டின் மேற்கு அணி. கேப்டன் இருக்கையா துணை விமானி இருக்கையா, எந்த விமானம், எந்த ஊர், கிறிஸ்துமஸ் இரவில் வீடா விடுதி அறையா, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுவது யார் என்பதையெல்லாம் அங்கே ஒரு வரிசை எண்தான் முடிவு செய்கிறது. நிறுவனம் மாறினால் அந்த எண் கூட வராது; முப்பது ஆண்டு பறந்தவரும் புது இடத்தில் கடைசி ஆள்தான்.

2007 மே மாதம் நடுவர் ஜார்ஜ் நிக்கோலாவ், கிழக்கின் 517 பேரை உச்சியிலும், நிறுத்தி வைக்கப்பட்டிருந்தவர்களை அடியிலும் வைத்து, மற்றவர்களை விகிதப்படி கோத்துப் பட்டியல் போட்டார். அதில், 16 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய கிழக்கு விமானி ஒருவர், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன மேற்கு விமானியின் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் கிழக்கு அணி, நடுவர் சொல்வதற்குக் கட்டுப்படுவதாக முன்பே ஒப்புக்கொண்டுவிட்டு, தங்கள் பக்கம் தலை அதிகம் என்பதால் 2008-இல் பழைய சங்கத்தையே வாக்கெடுப்பில் வீழ்த்தி, புதுச் சங்கம் கண்டு, தீர்ப்பைக் கிடப்பில் போட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணிக்கையால் தீர்த்துக்கொள்வதென்றால் பஞ்சாயத்து எதற்கு?

மேற்கு அணி வழக்குப் போட்டு, 2009-இல் ஜூரியிடம் வென்றது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ 2010-இல், பட்டியலை நடைமுறைக்குக் கொண்டுவரும் புது ஒப்பந்தமே இன்னும் வராத நிலையில் வழக்கு கனியவில்லை என்று தள்ளிவிட்டது. வழக்குதான் கனியவில்லை, விமானிகள் நன்றாகவே கனிந்துகொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு 2007 டிசம்பரில் ஓய்வு வயதை 60-இலிருந்து 65-ஆக உயர்த்திச் சட்டம் வந்தது. மேலே இருப்பவருக்கு மூப்பு வந்து இறங்கினால்தான் கீழே இருப்பவருக்குப் பணிமூப்பு ஏறும். இறங்க வேண்டியவர்கள் ஐந்தாண்டு கூடுதலாக அமர்ந்துகொள்ள, கீழே எண்கள் அசையாமல் நின்றன. 2013-இல் அந்த நிறுவனம் அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் இணைந்து, எல்லோருக்கும் ஒரே பட்டியல் வந்து சேர்ந்தபோது 2016 ஆகிவிட்டது.

நடுவர் தீர்ப்பு வந்த நாளில் 57 வயதாக இருந்த விமானிக்கு அந்தப் பட்டியலால் கிடைத்தது பணிமூப்பா, முதுநிலையா என்பதைப் புலவர் தமது அடுத்த அஞ்சலட்டையில் தெரிவிக்கலாம்.