சங்கிலி போட்ட படம் வேண்டாம்

கேள்வி: நான் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். போன வாரம் ஆள்கடத்தல் தடுப்புப் பயிற்சி என்று அரைநாள் உட்கார வைத்தார்கள். கையில் சங்கிலி போட்ட பெண்ணின் படத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இதில் நாங்கள் என்ன கற்றுக்கொள்வது?

பதில்: முதலில் அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். ஹோட்டல் வேலையில் இருந்துவிட்டு அப்புறம் பயிற்சி கொடுக்கப் போனவள் நான். என் முதல் வகுப்பில் நானும் அதே மாதிரி படம்தான் காட்டினேன். அறை சுத்தம் செய்யும் ஒரு அம்மா, "இப்படி யாரையும் பார்த்ததே இல்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே ஆரம்பித்தார். ஒரு அறையில் நாலு நாளாக 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டை. துண்டைக்கூடக் கதவிடுக்கில்தான் வாங்கினார்கள். உள்ளே இருந்த பெண்ணிடம் எதைக் கேட்டாலும் கூட இருந்த ஆள்தான் பதில் சொன்னான். "என்னவோ போல இருந்தது. ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல?" என்றார்.

அந்த 'யாரிடம்' என்பதுதான் பயிற்சியில் பாதி. இரவு ஷிப்டுக்கும் சேர்த்து, பொறுப்பாளர் யார் என்று நிர்வாகத்திடம் பெயரைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே கதவைத் தட்டி விசாரிக்க வேண்டாம். அவன் உஷாராகிவிடுவான், அடி அந்தப் பெண்ணுக்கு விழும். அறை எண், தேதி, கண்ணால் பார்த்தது இவற்றை எழுதிக் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் போலீஸ்தான். ஒருவருடைய உடையையோ நிறத்தையோ வைத்துச் சந்தேகப்படுவது இதில் சேராது.

'கடத்தல்' என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதுதான் மனதில் வருகிறது. 2000-இல் ஐ.நா. ஏற்ற நெறிமுறைப்படி, சுரண்டுவதற்காக ஏமாற்றியோ மிரட்டியோ ஆள் சேர்த்தாலே, தங்க வைத்தாலே போதும். 18 வயதுக்குக் கீழே என்றால் ஏமாற்றினார்களா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. வேலை கிடைத்த சந்தோஷத்தில் தானே பெட்டி கட்டிக் கிளம்பியவர்களும் இதில் உண்டு.

சரி, உங்கள் ஹோட்டலுக்கு ஏஜென்ட் மூலம் வரும் துப்புரவு ஆட்களின் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? வேலையில் சேர வாங்கிய கடனைச் சம்பளத்தில் கழிக்கிறார்களா? அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது, கடனால் கட்டிப்போடுவது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது மூன்றுமே கட்டாய உழைப்புக்குச் சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அறிகுறிகளில் இருக்கின்றன. ஒரு வகுப்பில் இதைக் கேட்டபோது மேனேஜர், "அது கான்ட்ராக்டர் விஷயம், மேடம்" என்றார். அடுத்த முறை அங்கே என்னைக் கூப்பிடவில்லை.

கேள்வி: நான் ஆசிரியை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்: 'அனுபவம் தேவையில்லை, கைநிறையச் சம்பளம், உடனே கிளம்ப வேண்டும்' என்று ஒரு பொய் விளம்பரத்தைப் போர்டில் எழுதுங்கள். கிளம்புவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர்களையே சொல்ல விடுங்கள். முகவரி, ஒப்பந்தம், திரும்பி வர டிக்கெட் என்று அவர்களே அடுக்குவார்கள். கடைசியாக, செல்போனைப் பார்க்காமல் வீட்டு நம்பரைச் சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்டபோது திணறிய பிள்ளைகள்தான் அதிகம்.