கேளுங்க சொல்றேன்: 1500 வரவேண்டிய இடத்துல 1200

போன இதழ்ல பேச்சுவாக்குல, நான் எட்டு வருஷம் கப்பல் கேசினோல டீலரா சீட்டு போட்டவன்னு ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், வழக்கமா உரம், பூச்சி, பட்டான்னு கேக்குறவங்க எல்லாம் சீட்டுக்கு மாறிட்டாங்க. வந்ததுல சிலதுக்கு இந்த வாரம் பதில்.

அண்ணே, குறுவை அறுத்த காசுல நாங்க நாலு பேர் கோவா போனோம், பனாஜில மாண்டவி ஆத்துல நிக்கிற கப்பல் ஒண்ணுல ஏறினோம். பிளாக்ஜாக்ல 1000 வெச்சேன், எனக்கு ஏஸும் ராஜாவும் விழுந்துச்சு. 1500 வரும்னு பாத்தா 1200 தள்ளுறாங்க. கேட்டா டேபிளக் காட்டுறாங்க. இது ஏமாத்து வேலைதானே?
– வாசகர், மன்னார்குடி

டேபிளக் காட்டுனாங்கன்னு எழுதுன தம்பி, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எழுதவே இல்லையே. நான் சொல்றேன், ஏஸும் பத்து மதிப்புள்ள ஒரு சீட்டும் முதல் ரெண்டு சீட்டா வந்தா 21, அதுக்குப் பேரே பிளாக்ஜாக், அதுக்கு எவ்ளோ தருவாங்கன்னு பச்சைத் துணில அரை வட்டமா "பிளாக்ஜாக் 6க்கு 5"ன்னு அச்சடிச்சிருக்கும். 5 ரூபா வெச்சா 6 ரூபா. நீங்க நெனச்சது 3க்கு 2, பழைய கணக்கு, 2 வெச்சா 3. ரெண்டும் ஒரே ஆட்டம், ஒரே சீட்டு, ஒரே சிரிப்பு, பட்டுவாடா மட்டும் வேற.

நம்ம ஊர்ல களத்துக்கே வந்து நெல்லு எடுக்குற வியாபாரி தராச நல்லாத்தான் வெச்சிருப்பாரு, நீங்க சோதனைக் கல்லு வெச்சுப் பாத்தாலும் இம்மி அசையாது, ஆனா மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிவுன்னு முன்னாடியே சொல்லிருப்பாரு, நாம அறுப்பு அவசரத்துல தலைய ஆட்டிருப்போம். இதுவும் அதே கழிவுதான். பிளாக்ஜாக் தோராயமா 21 கைக்கு ஒரு தடவ விழும். மணிக்கு 60 கை ஆடுனா மூணு தடவ, ஒவ்வொண்ணுக்கும் 300 கொறைஞ்சா மணிக்கு 900 ரூபா போச்சு, அதுவும் நீங்க ஜெயிச்ச கையிலேர்ந்து. நூத்துக்கு அரை ரூபாகிட்ட கேசினோ எடுக்குற டேபிள் இந்த ஒத்த வரியால நூத்துக்கு ரெண்டு ரூபாகிட்ட எடுக்குற டேபிளா மாறிடும். அதுக்கு கீழயே இன்னொரு வரி இருக்கும், ஏஸ 11ஆ எண்ணி 17 வந்தா டீலர் நிப்பாரா, இன்னொரு சீட்டு எடுப்பாரான்னு. எடுத்தா உங்களுக்கு இன்னும் கொஞ்சம் நஷ்டம்.

சட்டப்படி ஏமாத்துன்னு சொல்ல முடியாது தம்பி. எனக்குப் புடிக்குதான்னு கேட்டா, புடிக்கல. டேபிள்ல உக்கார்ற முன்னாடி அந்த வரியப் படிங்க, 6க்கு 5ன்னா எழுந்து அடுத்த டேபிள் பாருங்க. இதுல 300 போனதுக்கு இவ்ளோ கோவப்பட்ட நீங்க, காசுக்குப் பதிலா டேபிள்ல வைக்குற வில்லை, அந்த சிப் வாங்குற கவுண்டர்ல ஜிஎஸ்டி பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா? 28% இருந்தது 2025 செப்டம்பர் 22லேர்ந்து 40% ஆயிருக்கு.

பொங்கலுக்கு எங்க வீட்ல சில்லறை வெச்சு மங்காத்தா ஆடுவோம், உள்ளே வெளியே. கேசினோல அதையே அந்தர் பாஹர்னு வெச்சிருக்காங்களாம், ஆனா உள்ளேல ஜெயிச்சா 100க்கு 90தான் தர்றாங்கன்னு எங்க வீட்டுக்காரர் பொலம்புறார். ரெண்டே பக்கம், சரிபாதிதானே?
– ஒரு வாசகி, குத்தாலம்

சரிபாதி இல்லைங்கம்மா, அதான் விஷயமே. நடுவுல திருப்பி வெச்ச சீட்டோட ஜோடி எந்தப் பக்கம் வருதுன்னு பாக்கத்தானே மாத்தி மாத்திப் போடுறோம், அதுல முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் ஒரு அடி முன்னாடி நிக்குது. ஆயிரம் ஆட்டம் ஆடுனா முதல் பக்கம் 515 வாக்குல ஜெயிக்கும், மத்தது 485. அதனால முதல் பக்கத்துக்கு 90. ஆயிரம் ஆட்டமும் நூறு நூறா வெச்சா 46,350 வரும், 48,500 போகும், ஆக 2,150 நஷ்டம். அப்ப முழுசா நூறு தர்ற இன்னொரு பக்கத்துல வெச்சா? 3,000 நஷ்டம். 90 தர்ற பக்கம்தான் உங்களுக்கு கொஞ்சம் தேவலாம், வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, நம்ப மாட்டாரு. வீட்ல ஆடும்போது முதல் சீட்டு விழுற பக்கமே நீங்க புடிங்க, யாருக்கும் சொல்லாதீங்க.

இதைவிட மோசம் திருவிழாவுல பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல உருட்டுவாங்களே லங்கர் கட்டை, அது. லங்கர்னா நங்கூரம், வெள்ளைக்கார மாலுமிங்க உருட்டுன ஆட்டம். மூணு கட்டை, ஒவ்வொண்ணுலயும் ஆறு படம், நீங்க ஒரு படத்துல காசு வைப்பீங்க. உங்க படம் ஒண்ணுல விழுந்தா ஒரு பங்கு, ரெண்டுல விழுந்தா ரெண்டு, மூணுலயும் விழுந்தா மூணுன்னு வெச்சுக்கங்க, 216 தடவ ஒவ்வொரு ரூபா வெச்சா கணக்குப்படி 17 ரூபா போகும். நூத்துக்கு எட்டு. கட்டை சுத்தமா இருந்தாலே இந்தக் கதி, போலீஸ் வந்துட்டா பாய சுருட்டிட்டு ஓடுறவன்கிட்ட கட்டை சுத்தமாவா இருக்கும்?

ரூலெட்ல காந்தம் வெச்சிருக்காங்கன்னு சொல்றாங்களே?
– வாசகர், நீடாமங்கலம்

லைசென்ஸ் வாங்குன கேசினோவுக்கு காந்தம் எதுக்குங்க? சுத்துற சக்கரத்துல நம்பர் போட்ட 37 குழி இருக்கு, பந்து ஒண்ணுல விழும், ஜெயிச்ச நம்பருக்கு 35 மடங்குதான் தர்றான், 36 தந்தாதான் சரிக்குச் சரி. அந்த ஒரு மடங்குல நூத்துக்கு 2.7 அவன் பைக்குப் போகுது. ரெண்டு பூஜ்யம் இருக்குற சக்கரமா இருந்தா 38 குழி, 5.26. அப்படிப்பட்ட சக்கரத்தப் பாத்தா வேடிக்கை பாத்துட்டு வந்துடுங்க.

டீலர் தப்பு பண்ணிட்டா நம்ம காசு போனது போனதுதானா?
– வாசகர், திருவையாறு

நானே பண்ணிருக்கேன். ராத்திரி ரெண்டு மணி, பிளாக்ஜாக் டேபிள், கண்ணு சொக்குது, ஒரு பெரியவருக்கு 18, எனக்கும் 18, சமம், சிப்ப தொடவே கூடாது. நான் வாரிட்டேன், சீட்டையும் எடுத்து போட்டுட்டேன். அவரு சத்தம் போடல, கைய டேபிள் மேல வெச்சு "சூப்பர்வைசர்"னு மட்டும் சொன்னாரு. நாங்க சீட்டு எடுக்குறதுக்கே ஒரு வரிசை உண்டு, வலது ஓரத்துலேர்ந்து எடுத்து பக்கத்துல இருக்குற தட்டுல போடுவோம், அதனால திரும்ப உருவுனா எந்தக் கை யாரோடதுன்னு அப்படியே வந்துடும். சூப்பர்வைசர் உருவிக் காட்டுனாரு, 18 வந்துச்சு, சிப்ப குடுத்துட்டு மன்னிப்பு கேட்டேன். அதுலயும் தெளிவாகலன்னா மேல கேமரா இருக்கு. ஒரே விஷயம், அடுத்த கை போடுற முன்னாடி சொல்லணும். அஞ்சு கை கழிச்சு, இல்ல ரூமுக்குப் போய் யோசிச்சுட்டு வந்து கேட்டா ஒண்ணும் நடக்காது. அப்புறம் காச டீலர் கையில குடுக்காதீங்க, டேபிள் மேல வைங்க, கேமராவுக்கு தெரியணும்.

சீட்ட எண்ணி ஆடுறது குத்தமா சார்? மூளைய உபயோகிச்சா வெளிய தள்ளுறாங்களாமே, இது என்ன நியாயம்?
– கல்லூரி மாணவர், கும்பகோணம்

எந்தச் சீட்டெல்லாம் போயிடுச்சுன்னு மனசுலேயே எண்ணுனா குத்தம் இல்ல. ஆனா அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல, உங்களோட ஆட விரும்பலன்னு சொல்லி அனுப்பிடலாம். அதே நாட்டுல நியூஜெர்சில 1982ல அந்த மாநில உச்ச நீதிமன்றம், எண்ணுறார்னு ஒருத்தர விலக்க கேசினோவுக்கு அதுவா அதிகாரம் இல்லன்னுடுச்சு. ஜெயிக்கத் தெரிஞ்சவன மட்டும் வெளிய அனுப்பி, தோக்குறவனுக்கு ஓசியில சரக்கு ஊத்துறது எனக்கும் உறுத்தும், நானே ஊத்தச் சொல்லி கை காட்டுனவன்தான்.

ஆனா எல்லை தாண்டுனா கதை வேற. 2012ல லண்டன்ல பில் ஐவின்னு பெரிய ஆட்டக்காரர் 77 லட்சம் பவுண்டு ஜெயிச்சாரு. சீட்டோட பின்பக்க டிசைன் ரெண்டு ஓரத்துலயும் ஒரே மாதிரி வெட்டுப்படல, மயிரிழை வித்தியாசம். ராசின்னு சொல்லி நல்ல சீட்ட எல்லாம் டீலர வெச்சே திருப்பி வைக்க வெச்சாரு, அப்புறம் பின்பக்கத்தப் பாத்தே எது நல்ல சீட்டுன்னு தெரிஞ்சுடும், அவரு சீட்டத் தொடவே இல்ல. கேசினோ காசு தரல. 2017ல பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது ஏமாத்துதான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அந்த டீலர் பொண்ண நெனச்சா எனக்குப் பாவமா இருக்கும், ராசின்னு கேக்குறவங்களுக்கு நானும் எத்தனையோ தடவ சீட்டத் திருப்பி வெச்சிருக்கேன்.

பையன் சிங்கப்பூர்ல வேலை. சம்பளம் வந்தா கேசினோ போறான்னு கூட தங்கியிருக்குற பையன் சொன்னான். அங்க நுழைய 150 வெள்ளி கட்டணுமாமே, அப்படி இருந்துமா போறான்?
– ஒரு தாய், பட்டுக்கோட்டை

அம்மா, அந்த 150 வெள்ளி சிங்கப்பூர் குடிமக்களுக்கும் பிஆர், அதாவது அங்கயே நிரந்தரமா தங்க அனுமதி, வாங்குனவங்களுக்கும்தான். உங்க பையன் பாஸ்போர்ட்டோ பர்மிட்டோ காட்டிட்டு சும்மா உள்ள போயிடலாம். ஆனா என்னய உள்ள விடாதீங்கன்னு அவனே எழுதிக் குடுக்க அங்க வழி இருக்கு, வெளிநாட்டுத் தொழிலாளிங்களும் குடுக்கலாம், குடுத்துட்டா வாசல்லயே நிறுத்திடுவாங்க. திட்டாம கேட்டுப் பாருங்க, எவ்ளோ கடன் இருக்குன்னு முதல்ல கேளுங்க. கூட தங்கியிருக்குற அந்தப் பையன் பேர மட்டும் சொல்லிடாதீங்க, அடுத்த தடவ உங்களுக்கு தகவல் வராது.