தேங்க்ஸ்கிவிங் மேசை

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற நவம்பரில் அலுவலக நண்பர் ஒருவர் அமெரிக்கர்களின் நன்றி நவிலும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங்கின்போது தம் வீட்டு விருந்துக்கு எங்களை அழைத்திருந்தார். நான்கு தலைமுறையினர் ஒரே மேசையில் அமர்ந்து உண்டதைக் கண்டு மனம் நிறைந்து திரும்பினேன். பூர்வகுடிகளின் அழிவை மறைக்கும் பண்டிகையில் நெகிழ என்ன இருக்கிறது என்று இங்குள்ள தமிழ் நண்பர் கேட்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் கசப்பில் நியாயம் இருக்கிறது. இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத்தில் குடியேறியிருந்த ஆங்கிலேயர்கள் 1621இல் நடத்திய, இப்பண்டிகையின் தொடக்கமாகச் சொல்லப்படும் அறுவடை விருந்தில் மூன்று நாள் கலந்துகொண்ட வாம்பனோவாக் பூர்வகுடி மக்கள், தம் பங்காக ஐந்து மான்களை வேட்டையாடிக் கொடுத்தார்கள். அவர்களுடைய தலைவர் மாசசோயிட்டின் மகன் 1676இல் குடியேறிகளுடனான போரில் கொல்லப்பட்டபோது, அவரது தலை அதே பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைக்கப்பட்டது. பள்ளிக் குழந்தைகளுக்குச் சொல்லப்படும் இனிய கதையில் இது வருவதில்லை.

ஆனால், நீங்கள் அமர்ந்த மேசை அந்த விருந்திலிருந்து நேராக வந்ததன்று. சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை பல ஆண்டுகள் ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் சலிக்காமல் எழுதியதன் பயனாக, உள்நாட்டுப் போரின் நடுவே 1863இல் இந்த நன்றி நாளை நாடு முழுவதற்குமாக அறிவித்து அதிபர் லிங்கன் வெளியிட்ட பிரகடனத்தில் பிளிமத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. போரால் விதவைகளானவர்களையும் அநாதைகளானவர்களையும் நினைக்கும்படியே அது கேட்கிறது. வீடுகளில் இருக்கைகள் காலியாகிக்கொண்டிருந்த காலத்தில், எஞ்சியவர்கள் கூடி அமர்வதற்கென ஒதுக்கப்பட்ட நாளாகவே அதை நான் காண்கிறேன்.

பரிசுப் பொருட்களோ விரிவான சடங்குகளோ இல்லாத இந்தப் பண்டிகையில் உணவே எல்லாம். அதன் முக்கிய உணவான வான்கோழி வறண்ட இறைச்சி என்பது என் எண்ணம். எனினும் பல மணி நேரம் வேக வேண்டிய அத்தனை பெரிய பறவையை யாரும் தமக்கு மட்டும் சமைத்துக்கொள்வதில்லை. அதை உண்ண ஆட்கள் வேண்டும் என்பதனாலேயே, ஆண்டு முழுவதும் பேசிக்கொள்ளாத உடன்பிறந்தாரும் நெரிசலான விமான நிலையங்களைக் கடந்து வந்து அருகருகே அமர நேர்கிறது. நம் வீட்டு விருந்துகளில் பரிமாறும் பெண்கள் பெரும்பாலும் கடைசிப் பந்தியில்தான் உண்கிறார்கள். அங்கே சமைத்தவரும் எல்லோருடனும் அமர்ந்ததைக் கவனித்திருப்பீர்கள். (சமையல் பாரம் அங்கும் பெண்கள் மீதே மிகுதியாக விழுகிறது என்பது வேறு விஷயம்.)

உங்கள் நண்பருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1970 முதல் அதே நாளைத் துக்க நாளாகக் கடைப்பிடித்துப் பிளிமத்தில் கூடும் பூர்வகுடியினரும், உரைகளும் ஊர்வலமும் முடிந்தபின், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து உண்பதைப் பல ஆண்டுகள் வழக்கமாக வைத்திருந்தார்கள். வரும் நவம்பரிலும் அழைப்பு வந்தால் தயங்காமல் செல்லுங்கள். வீட்டில் கிளறிய எலுமிச்சைச் சாதம் ஒரு பாத்திரம் எடுத்துச் செல்வது நல்லது.