குளிரூட்டி கேள்வி–பதில்: காஸ் குறைந்ததா, கூடியதா?

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை செய்கிறேன். வைன் அறைக்கு ஸ்பிளிட் கூலர் பூட்டி இரண்டு வருடம். வெளி யூனிட் கடல் பக்கத்து மாடியில் இருக்கிறது, குளிரூட்ட ஆர்-134ஏ காஸ். அறைக்குள் இருக்கும் கொயிலின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் கட்டும். வந்து காஸ் அடித்துவிட்டுப் போவார்கள். இப்படி மூன்று தரம். கடைசித் தரம் போத்தல்களை வெளியே எடுத்து, கதவைத் திறந்து போட்டு, சைட் கிளாஸில் (திரவக் குழாயில் உள்ள கண்ணாடித் துளை) குமிழி மறையும்வரை அடித்தார்கள். இப்போது மத்தியானத்தில் வெளி யூனிட் தானாக நிற்கிறது. திரும்பவும் காஸ் குறைந்துவிட்டதா?

பதில்: இல்லைத் தம்பி, இந்தத் தரம் கூடிவிட்டது.

அறை 30 பாகையில் கிடக்கும்போது விரிவு வால்வு (அறைக் கொயிலுக்குள் திரவத்தை அளந்து விடுவது) வாயை அகலத் திறந்துகொண்டு திரவத்தை இழுக்கும். அந்த நேரம் சைட் கிளாஸில் குமிழி ஓடத்தான் செய்யும். அதைப் பார்த்துக் காஸை ஏற்றினால், அறை 14 பாகைக்கு இறங்கி வால்வு ஒடுங்கியதும் மிச்சத் திரவம் வெளிக் கொயிலின் அடியில் போய்த் தேங்கும். ஆவி குளிர்ந்து திரவமாக வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. காலையில் சமாளிக்கும். சூடான கச்சான் காற்று அடிக்கிற மத்தியானத்தில் அழுத்தம் ஏறி, பாதுகாப்புச் சுவிட்ச் வெட்டிவிடும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வாழைச்சேனையில் ஒரு மீன் குளிரறைக்கு வெறும் அறையில் வைத்து இப்படித்தான் அடித்துவிட்டு, பெருமையாக வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் பகல் ஒரு மணிக்கு ஆள் வந்தது. கூடின காஸைக் காற்றில் திறந்துவிட்டேன்; அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான். இப்போது அது கூடாது. மீட்பு மெஷினால் உறிஞ்சிச் சிலிண்டருக்குள் எடுக்க வேண்டும்.

ஆனால் முதல் இரண்டு தரமும் குறைந்தது உண்மைதான். மூலையில் மட்டும் ஐஸ் கட்டியதே அதற்குச் சாட்சி. கொயில் முழுக்கக் கட்டியிருந்தால் விசிறியையோ தூசியையோ சந்தேகப்பட்டிருப்பேன். காஸ் பெற்றோல் இல்லை, எரிந்து தீர்வதற்கு. எங்கேயோ ஒழுகுகிறது. உப்புக் காற்றுக்கு முதலில் பலியாவது வெளிக் கொயிலின் வளைவுகளும் பிளேர் நட்டுகளும் (குழாய்களை இணைக்கும் நட்டுகள்). விரலால் தடவிப் பாருங்கள்: எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தால் அதுதான் இடம். தெரியாவிட்டால் நைதரசனை 150 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு ஏற்றி, சவர்க்கார நுரை பூசி, ஒரு இரவு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டையை அடைத்தபின் வெற்றிடப் பம்பால் 500 மைக்ரோனுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) இறக்கி, பம்பை மூடி, முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சிலிண்டரைத் தராசில் வைத்து, யூனிட்டின் தகட்டில் எழுதிய காஸ் அளவில் முக்கால்வாசியை மட்டும் விடுங்கள். கதவைச் சாத்தி ஓட விடுங்கள். அறை 15 பாகைக்கு வந்தபின்தான் மிச்சம். அதுவும் 30 கிராம் விட்டு, பத்து நிமிடம் பொறுத்து, அடுத்த 30. குழாய் நீளமென்றால் அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

அழுத்தம் காட்டும் கேஜைத் தனியாக நம்ப வேண்டாம். 134ஏக்கு 28 பிஎஸ்ஐ என்றால் கொயிலுக்குள் கொதிநிலை 0 பாகை. 12 பிஎஸ்ஐ என்றால் மைனஸ் 12. கொயிலை விட்டு வெளியேறும் குழாயில் வெப்பமானியைக் கட்டுங்கள். கொதிநிலையைவிட ஐந்தாறு பாகை கூட இருந்தால் சரி. பத்துப் பதினைந்து என்றால் கொயில் திரவம் போதாமல் பட்டினி கிடக்கிறது.

அறைக் காற்று சில மணித்தியாலத்தில் குளிரும். போத்தலுக்குள் இருக்கிறது அவ்வளவு சீக்கிரம் குளிராது. ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, வெப்பமானியை உள்ளே விட்டு, அதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி: அறுகம்பேயில் சிறிய விடுதி வைத்திருக்கிறேன். சாதாரண ஏசியை 16இல் விட்டால் வைனுக்குப் போதாதா?

பதில்: ஒரு மாதத்தில் குடித்து முடிக்கிற வைனுக்குப் போதும். வருடக் கணக்கில் வைப்பதென்றால் 12, 13 பாகை வேண்டும். பெரும்பாலான வீட்டு ஏசிகள் 16க்குக் கீழே இறங்காது. அதோடு ஈரத்தையும் உறிஞ்சித் தள்ளும். தக்கை காய்ந்தால் காற்று உள்ளே போகும். வேறு வழியில்லையென்றால், தக்கை நனைந்திருக்கப் போத்தல்களைப் படுக்க வையுங்கள்.